சிங்கப்பூரின் சாலை மரங்கள்



நகரத்தில் ஒரு மரக்கன்றை நடுவதற்கு அரை நாழிகை போதும். ஒரு குழி, ஒரு குடம் நீர், கைதட்டுவதற்குச் சிலர், விழா முடிந்துவிடும். அக்கன்று நிழல் தரும் மரமாவதற்கிடையே நிகழ்பவை வரலாற்றில் எழுதப்படுவது அரிது. சிங்கப்பூரின் வரலாற்றில் அவை ஓரளவு எழுதப்பட்டுள்ளன. ஆதலின் அந்நகரத்தின் கதையை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1963 ஆம் ஆண்டு யூன் மாதம் 16 ஆம் திகதி, பிரதமர் லீ குவான் யூ அந்நகரின் நாற்சந்தியொன்றில் மெம்பாட் என்னும் பூமரக் கன்றை நட்டு, மரநடுகை இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். அப்பொழுது சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றிருந்ததேயன்றிச் சுதந்திர நாடாகவில்லை. 1965 இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. 1967 இல் 'பூங்கா நகரம்' என்னும் கொள்கை அறிவிக்கப்பட்டது. பூங்காக்களையும் மரங்களையும் பேணுவதற்கெனத் தனிப் பிரிவும் அவ்வாண்டிலேயே அமைந்தது.

இக்கொள்கையில் அழகுணர்ச்சியோடு ஒரு வணிகக் கணக்கும் கலந்திருந்தது. முதலிட வரும் வெளிநாட்டார், செவ்வையாகப் பேணப்பட்ட சாலைகளைக் கண்டால் ஆட்சியின் திறமையை உணர்வர் என்பது லீயின் எண்ணம். மரத்தை மரத்துக்காகவே நேசிப்போர் இதனைக் கேட்டு முகஞ் சுளிக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மரம் ஒவ்வொரு நாளும் பேணப்படவேண்டும் என்னும் கட்டாயத்தை அக்கணக்கே நிர்வாகத்தின்மீது சுமத்தியது.

முதல் இடையூறு மண்ணிலிருந்து வந்தது. மழை மிகுந்த நாட்டில் எதுவும் தானே வளரும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் காடழிந்த நிலத்திற் பெய்யும் பெருமழை மேல்மண்ணின் சத்தைக் கரைத்துச் சென்றுவிடும். நியூசிலாந்திலிருந்து வந்த மண்ணியல் அறிஞர் ஒருவர் இதனை விளக்கிய பின்னரே, கூட்டெருவும் பிற உரங்களும் ஒழுங்காக இடவேண்டும் என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது இடையூறு மனிதரால் வந்தது. சிறுவரும் பெரியோரும் பூம்பாத்திகளை மிதித்தனர், துவிச்சக்கரவண்டிகளையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் இளமரங்களிற் சாய்த்து அவற்றை வீழ்த்தினர், கன்றுகளைத் திருடினர். ஏழைகள் மட்டுமே இதைச் செய்தனர் என்று எண்ணவேண்டாம். நடுவீதியில் நட்ட விலையுயர்ந்த ஊசியிலை மரமொன்றைத் தம் வீட்டுத் தோட்டத்துக்காகப் பெயர்த்தபோது பிடிபட்டவர் ஒரு வைத்தியர் என்று லீ தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்!

விரைவில் நிழல் வேண்டுமென்று, பழைய இலக்கியங்கள் போற்றும் நம் வேங்கைக்கு உறவான அங்சானா மரத்தின் பருத்த கிளைகளை வெட்டி நட்டனர். அவை வேரூன்றிச் சில ஆண்டுகளிற் குடைபோல் விரிந்தன. ஆயினும் அவசரத்துக்கு ஒரு விலை இருந்தது. பின்னாளில் அவற்றுட் பல பூஞ்சண நோயினாற் பட்டுப்போயின. நீண்டகால நிழலைத் தந்தவை தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரங்களே. மாலையில் இலைகளை மூடிக்கொள்ளும் அம்மரத்தைக் கொழும்பின் வீதிகளிலும் நேயர்கள் கண்டிருப்பீர்கள்.

1971 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி, முதலாவது மரநடுகை நாள் கொண்டாடப்பட்டது. பதிற் பிரதமராயிருந்த கோ கெங் சுவீ, பேபர் குன்றில் ஒரு தூங்குமூஞ்சிக் கன்றை நட்டார். நவம்பரைத் தெரிந்ததற்குக் காரணம் எளியது: அது மழை தொடங்கும் காலம், நீரூற்றும் செலவு குறையும். நமது வடக்கிலும் கிழக்கிலும் கன்று நடுவோர் அறிந்த கணக்குத்தான். பாடசாலைப் பிள்ளைகளும் நட்டனர். நட்டதோடு நில்லாது, அவற்றைப் பேணும் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மரத்தை முறிக்கும் தந்தையைத் தடுக்கப் பொலிசாரைவிட மகனே ஏற்றவன் என்று கருதினர் போலும். 1975 இல் பூங்காக்கள், மரங்கள் பற்றிய சட்டமும் நிறைவேறியது. மரநடுகை நாள் பின்னர், 1990 இல், தூய்மை பசுமை வாரமாக விரிந்தது.

1974 இல் ஏறத்தாழ 1,58,000 ஆக இருந்த நடப்பட்ட மரங்களின் தொகை, 2014 இல் 14 இலட்சமளவுக்கு உயர்ந்தது. இத்தொகையினும் என்னைக் கவர்வது பாலங்கள் பற்றிய ஒரு சிறு செய்தி. மேம்பாலங்களின் கீழ்ச் செடிகள் வாடுவதைக் கண்டு, பாலத்தை இரு கூறாக்கி நடுவில் இடைவெளி விடுமாறு பொறியியலாளர் பணிக்கப்பட்டனர். அவ்விடைவெளி வழியே வெயிலும் மழையும் கீழே உள்ள செடிகளுக்கு இறங்குகின்றன.