ஏடு படிக்கும் இயந்திரமும் இரு பெயர் கொண்ட ஊரும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்றோர் ஊர் உண்டு. 2007ஆம் ஆண்டில் அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டது. இரண்டும் ஓர் ஊரே என்பதில் ஊராருக்கு ஐயமில்லை. ஆனால், எழுத்தைப் படித்தே உலகை அறியும் கணிப்பொறிக்கு அஃது எவ்வாறு விளங்கும்? அதனை அறிய, அது படிக்கக் கற்ற வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1992ஆம் ஆண்டில் மார்ட்டி ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் எளிய வழியொன்றைக் காட்டினார். ‘கிள்ளான், ரவாங் போன்ற ஊர்கள்’ என்று ஒரு தொடர் வருமாயின், ‘போன்ற’ என்பதற்கு முன் நிற்பவை ஊர்ப் பெயர்கள் எனக் கணிப்பொறி கொள்ளலாம். இத்தகைய தொடரமைப்புகளை அவர் ஆங்கிலத்தில் கண்டெடுத்தார். பொருள் உணராவிடினும், சொற்கள் நிற்கும் முறையைக் கொண்டே செய்தி திரட்டலாம் என்பது இதனால் விளங்கிற்று. 1998இல் செர்கே பிரின் ஐந்தே நூல்களின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கொடுத்து, இணையத்திலிருந்து பல்லாயிரம் நூல்களின் விவரத்தைக் கணிப்பொறியே திரட்டுமாறு செய்தார்.

2010 ஜனவரியில் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டாம் மிட்செல் குழுவினர், இரவு பகல் ஓயாது இணையத்தைப் படிக்கும் ‘நெல்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். அது வழுக்கியும் விழுந்தது. ஆங்கிலத்தில் ‘குக்கீ’ என்பது பிஸ்கட் போன்ற தின்பண்டத்தையும் குறிக்கும். இணையத்தளம் நம் கணிப்பொறியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பையும் குறிக்கும். இவ்விரண்டையும் மயங்கிய ‘நெல்’, கணிப்பொறிக் கோப்புகளையும் அடுப்பில் சுட்ட பண்டமெனக் கொண்டது. மனிதர் தலையிட்டே திருத்தவேண்டியதாயிற்று.

அங்கே ஒரு பெயருக்கு இரு பொருள். இங்கே ஓர் ஊருக்கு இரு பெயர். எனினும் பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் இணையக் கலைக்களஞ்சியத்தில் பதிவாகியிருப்பதால், கணிப்பொறி தெளிவு பெற வழியுண்டு.

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் நிலையோ வேறு. கம்பெனிக் கணக்கில் தோட்டத்திற்கு ஒரு பெயர். பால்மரம் சீவியவர் வாயில் மற்றொரு தமிழ்ப் பெயர். முன்னது ஆங்கில ஆவணங்களில் நிலைத்தது. பின்னது பேச்சிலும், பழைய கடிதங்களிலும், 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற ஏடுகளிலும் தங்கியது. கணிப்பொறிக்கு எட்டாத தாள் இல்லாத தாளுக்கு ஒப்பானதே. இன்றைய பெருமொழி மாதிரிகளும் இதற்கு விலக்கல்ல. பலமுறை எழுதப்பட்டதை அவை நன்கு கற்கின்றன. அரிதாக எழுதப்பட்டதைத் தவறவிடுகின்றன.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரங்களுக்குச் சிதறிவிட்டனர். தாத்தா பால் வெட்டிய தோட்டத்தைத் தமிழ்ப் பெயரால் பேரன் இயந்திரத்திடம் வினவினால், விடை கிடைப்பது அரிது. ‘இத்தோட்டமே அத்தோட்டம்’ என்னும் ஒரு வரி எழுத்தில் இருந்தால் போதும், அக்குறை நீங்க வழி பிறக்கும். அவ்வரியை எழுதவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் இளைஞர் கடனாகும்.