தீர்வைச் சலுகையும் உதவித்தொகையும்: சிவகாசிக் குடும்பங்களின் முடிவுகளில் அரசின் பங்கு

குடிமக்களின் சொந்த முடிவுகளைப் பணத்தின் வழியே திருப்ப முயலும் அரசு, தான் விரும்பும் செயலைச் செய்வோருக்கு உதவி வழங்குகிறது, அல்லது தான் விரும்பாத செயலின் விலையை வரியால் உயர்த்துகிறது. முதல் வழி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பணம் என்பதுபோல் ஒரு கடப்பாட்டுடன் வருவதால் நிபந்தனை உதவித்தொகை எனப்படுகிறது. இரண்டாம் வழி, பிறருக்குத் தீங்கு விளைக்கும் செயலுக்கு அத்தீங்கின் அளவுக்கு வரி விதிக்கலாம் என்று 1920இல் வாதிட்ட ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகூவின் பெயரால் பிகூ வரி எனப்படுகிறது. இவ்விரண்டையும் பற்றி ஆய்வுகள் ஏராளம். ஆனால் குடும்பங்களைக் கருதாமல் தொழிலைக் கருதி வழங்கப்படும் வரிச்சலுகை, குடும்பத்தின் முடிவை எவ்வளவு ஆழமாக மாற்றக்கூடும் என்பது அதே அளவுக்கு ஆராயப்படவில்லை. சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பு பெருகியதையும் குறைந்ததையும் விளக்க அச்சலுகையைக் கணக்கில் கொள்ளாமல் இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னர் சிவகாசியில் வளர்ந்த அத்தொழில், தொடக்கம் முதலே சுவீடன் நாட்டு மூலதனத்தில் இயங்கிய விம்கோவின் எந்திர ஆலைகளோடு போட்டியிட வேண்டியிருந்தது. 1934ஆம் ஆண்டின் தீப்பெட்டித் தீர்வைச் சட்டம் இப்பண்டத்தின்மீது ஆயத்தீர்வை, அதாவது உற்பத்தியாகும் இடத்திலேயே வசூலிக்கப்படும் வரி, விதித்தது. விடுதலைக்குப் பின்னர் உற்பத்தி அளவையும் எந்திரப் பயன்பாட்டையும் பொறுத்துத் தீர்வை படிப்படியாக வேறுபடுத்தப்பட்டு, பெரிய எந்திர ஆலைக்கு உயர்ந்த விகிதமும் கையால் செய்யும் சிறு ஆலைக்கும் குடிசைத் தொழிலுக்கும் தாழ்ந்த விகிதமும் அமைந்தன. வானம் பார்த்த கரிசல் பூமியில் வேலைவாய்ப்பைப் பெருக்குவதே இதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை; அந்நோக்கம் பெருமளவு நிறைவேறவும் செய்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களின் பெண்கள் பலருக்கு மழையை நம்பாத முதல் ரொக்க வருமானம் இத்தொழிலிலிருந்தே வந்தது.

எனினும் இச்சலுகைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எந்திரம் வாங்கினாலோ உற்பத்தி வரம்பைக் கடந்தாலோ தீர்வை கூடும் என்பதால், உரிமையாளர்கள் ஆலையை வளர்ப்பதற்குப் பதிலாக வெவ்வேறு பெயர்களில் சிறு அலகுகளாகப் பிரித்தனர்; பெட்டி ஒட்டும் வேலையை வீடுகளுக்கே அனுப்பினர். மரச்சட்டத்தில் குச்சிகளை அடுக்கும் 'கட்டை அடுக்குதல்', பெட்டி செய்தல், சிட்டை ஒட்டுதல் ஆகிய பணிகளுக்கு உடல்வலிமையைவிட விரல்களின் விரைவே வேண்டும். கூலியோ நாள் கணக்கில் இல்லாமல் செய்து முடித்த எண்ணிக்கைக் கணக்கில் வழங்கப்பட்டது. எண்ணிக்கைக் கூலி நிலவும் வீட்டில் பத்து வயதுப் பிள்ளையின் கையும் வருமானமே. ஆகவே கையுழைப்புக்குத் தரப்பட்ட தீர்வைச் சலுகையில் ஒரு பகுதி, எவரும் அவ்வாறு கருதாமலேயே, குழந்தையின் கையுழைப்புக்கும் தரப்பட்டதாயிற்று. விடியலுக்கு முன்னரே ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளை ஏற்றிவந்த ஆலைப் பேருந்துகளைப் பற்றி 1970களிலிருந்தே பேசப்பட்டது. 1976இல் ஹர்பன்ஸ் சிங் தலைமையிலான குழு இக்குழந்தை உழைப்பை ஆராய்ந்தது. 1980களின் நடுவில் இவ்வட்டாரத்தில் உழைத்த குழந்தைகள் சுமார் 45,000 பேர் என்ற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்பட்டது.

இந்த எண்ணிக்கை, தமிழகம் பெருமையோடு சுட்டும் மற்றொரு கொள்கையையும் கேள்விக்கு உள்ளாக்குகிறது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவும் பிள்ளையைப் பள்ளிக்கு ஈர்க்கும் உதவிகளே. இவற்றில் எழுதப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை. உணவு பள்ளியில் வழங்கப்படுவதால் அங்கு வருவதே நிபந்தனையாகி விடுகிறது. மேற்பார்வையோ சான்றிதழோ வேண்டாத இத்தகைய உதவி நிபந்தனை உதவித்தொகைகளில் மிகச் சிறந்த வகை எனலாம். ஆயினும் காமராசரின் சொந்த மாவட்டத்திலேயே சத்துணவும் குழந்தை உழைப்பும் ஒரே காலத்தில் அருகருகே நிலவின. ஒருவேளைச் சோறு பிள்ளையின் பசியை ஆற்றியதே தவிர, அப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த கூலியை ஈடுசெய்யவில்லை.

1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் இக்குறையைப் பணத்தால் நிரப்ப முயன்றது. சிறப்புப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மாதம் 100 ரூபாயும், பின்னர் 150 ரூபாயும், 2017க்குப் பிறகு 400 ரூபாயும் உதவித்தொகையாக வழங்கப்பட்டன. வாரக்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு, வங்கிக் கணக்கில் மெல்லச் சேரும் இத்தொகை எட்டாத பணமாகவே தோன்றியிருக்கும். அதே ஆண்டுகளில் அதே அரசு தீர்வை வேறுபாட்டையும் நீடிக்கச் செய்தது. ஓர் அமைச்சகம் பிள்ளையை வேலையிலிருந்து விலக்கப் பணம் கொடுக்க, மற்றொன்று அவ்வேலை நீடிக்கும் வகையில் வருவாயை விட்டுக்கொடுத்தது. இரண்டும் ஒரே கருவூலத்தின் செலவுகள் என்பது எந்த ஏட்டிலும் சேர்த்து எழுதப்படவில்லை.

1991இல் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நிகழ்ந்து 39 உயிர்களைக் கொன்ற விபத்தையும் கருத்தில் கொண்டு, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பு இவ்விடத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். இவ்வாறு சேரும் 25,000 ரூபாயின் வட்டி, பிள்ளை பள்ளி செல்லும்வரை மட்டுமே குடும்பத்துக்குக் கிடைக்கும். முதலாளிமீது பிகூ வரியையும் பெற்றோருக்கு நிபந்தனை உதவித்தொகையையும் ஒரே ஆணையில் இணைத்த இவ்வமைப்பு, மெக்சிகோவின் நிபந்தனை உதவித்தொகைத் திட்டமான புரோகிரெசாவுக்குச் சில மாதங்கள் முந்தியது என்பதை உலகளாவிய ஆய்வுரைகள் அரிதாகவே நினைவுகூர்கின்றன. ஆண்டு வட்டி 10 முதல் 12 விழுக்காடு எனக் கொண்டால் குடும்பத்துக்குக் கிடைப்பது மாதம் சுமார் 200 முதல் 250 ரூபாய்தான். ஆகவே தீர்ப்பின் வலிமை பெற்றோருக்குக் கிடைத்த தொகையைவிட முதலாளிக்கு ஏற்படக்கூடிய இழப்பிலேயே இருந்தது எனக் கருத இடமுண்டு. குழந்தையின் மலிவே அவ்வுழைப்புக்கான தேவையை உருவாக்கியது. அம்மலிவை அழித்தபோது தேவையும் தளர்ந்தது. தொழிற்சாலை ஆய்வாளர்களின் சோதனை, அடுக்கும் பணியின் எந்திரமயமாக்கம், குடும்ப அளவு சுருங்கியமை ஆகியவையும் உடன் இயங்கியதால் பெருமை முழுவதையும் தீர்ப்புக்கு அளிக்க முடியாது.

பெற்றோரின் முடிவில் அரசு பணத்தைக் காட்டித் தலையிடுவது தந்தைமைப் போக்கு, அதாவது வயது வந்தவரையும் குழந்தைபோல் நடத்தும் போக்கு, என்னும் மறுப்பு எழலாம். ஒருவர் தம் உடலைப் பற்றியோ உணவைப் பற்றியோ எடுக்கும் முடிவுக்கு இம்மறுப்பு பொருந்தும். இங்கோ முடிவெடுப்பவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் இன்னொருவர். மேலும், தீர்வைப் பட்டியலின் வழியே அரசு அம்முடிவில் ஏற்கெனவே தலையிட்டிருந்தபோது, தலையிடாத நடுநிலை என ஒன்று இருந்ததாகக் கொள்வது பிழை. இதைவிடக் கடினமான மறுப்பு வேறொன்று: சலுகையை நீக்கினால் கையுழைப்பை நம்பிய பெண்கள் வேலையிழப்பர். அது உண்மையே. ஆனால் கையால் செய்த பண்டத்துக்குச் சலுகை தருவதற்கும், வயது வந்தோருக்கு வழங்கிய கூலியைச் சான்றாகக் காட்டும் ஆலைக்குச் சலுகை தருவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதையே அரசு பல பத்தாண்டுகள் செய்தது, பின்னதைச் செய்ய முயலவில்லை.

2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, பிறவற்றுக்கு 18 விழுக்காடு என அவ்வேறுபாடு தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டும் 12 விழுக்காடாக ஒன்றாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் இணைக்கப்பட்டது. எதிரெதிராக இழுத்த இரு கயிறுகளும் இவ்வாறு ஓராண்டு இடைவெளியில், ஒன்றைப் பற்றி மற்றொன்றில் பேச்சே இல்லாமல் அவிழ்க்கப்பட்டன. இவ்வட்டாரத்தின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளை ஆராய விரும்புவோர், அவற்றின் பக்கத்திலேயே அந்தந்த ஆண்டின் தீர்வை அறிவிக்கைகளையும் வைத்துப் படிக்க வேண்டும்.