கல்குடாவில் வேலை நேரம்

கிழக்கிலங்கையின் கல்குடாக் கரைவலைத் தொழிலில் நேரத்தைக் கடலே வகுத்தது. வாடைக் கொந்தளிப்பில் வலை கரையில் கிடக்கும். கடல் அடங்கியதும் தொழில் தொடங்கும். தோணி வலையை வளைத்துப் போட, கரையில் நிற்கும் இரு அணிகள் கயிறுகளை இழுக்கும். வலையின் மடி கரை சேரும்வரை கயிற்றை விட முடியாது; சேர்ந்தபின் ஓய்வுக்குத் தடையில்லை. வருமானம் மணிக்கணக்கில் அன்றி, மீன்பாட்டில் பங்காகவே வந்தது.

1950களில் பக்கத்து வாழைச்சேனையில் எழுந்த காகித ஆலை வேறோர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. வைக்கோற்கூழைத் தாளாக்கும் இயந்திரம் இடையில் நிற்கக் கூடாது. ஈரத்தாள் அறுந்தால் உருளைகளைத் துப்புரவாக்கி, தாளை மறுபடி கோக்க வேண்டும். மாற்றாள் வராமல் இடத்தை விட்டு நகர முடியாது. ஷிப்ட் முறைக்கு இது நியாயமான காரணம்.

அலுவலகத்துக்கு அக்காரணம் இல்லை. ஆனாலும் வருகை நேரம் அங்கும் இறுகியே இருந்தது. 1967இல் மியூனிக் அருகே ஓட்டோபுருன்னில் விமான நிறுவனமொன்று, காலை நெரிசலைக் குறைக்க, பொதுவான சில மணிகளை மட்டும் கட்டாயமாக்கி மற்றதை ஊழியரிடம் விட்டது. மென்பொருள் குழுக்களுக்கு இந்த ஏற்பாடே பொருந்தும்: நிரலைப் பாதியில் வைத்துவிட்டு எழலாம், கலந்து பேசுவதற்கோ எல்லோரும் ஒரே வேளையில் வேண்டும். இயங்கும் சேவையைக் காப்பவர்களுக்கு மட்டும் ஆலையின் ஷிப்டே கதி.

நெகிழ்வு எல்லையற்ற உழைப்பாகிவிடும் ஆபத்தும் உண்டு. இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்து, மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியத்தையும் விதித்தது.