பொன் எடுத்தோரும் பொன் வாங்குவோரும்

1880 முதல் கோலார் தங்கவயலில் பொன் அகழ்ந்தோருள் வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழர் பலர். பாறையிலிருந்து பொன்னைப் பிரித்த நம்மவரும், கலியாண நகைக்குச் சொந்த ஊர்க் கடையை நாடுவதுண்டு. வயலுக்குத் திரும்பியபின் பற்று விட்டுக் கல் உதிர்ந்தால் எங்கே முறையிடுவது?

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி திறந்தது. ஆயினும், விற்றவர் இருக்குமிடத்திலோ, வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட இயன்றது. வண்டிச்சத்தமே செய்கூலியை விழுங்கிவிடும்! 2019இல் இயற்றப்பெற்று 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, வாங்கியவர் வாழும் மாவட்டத்திலேயே முறையிட இடமளித்தது. கெடு 2 ஆண்டுகள். நம் கைப்பிழைக்கன்று, வேலைப்பாட்டுக் குறைக்கே இவ்வுரிமை.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. நம்மவர் வாழ்வு அங்கே தொடர்கிறது. நகையோடு ரசீதையும் பேணுவோமாக.