கலைந்த பிறகு நாலாம் இடம்: டிலிரியஸ்? இசைக்குழுவின் கதை

2010 ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு. பிரித்தானியாவின் சிங்கிள்ஸ் தரவரிசையில் ‘ஹிஸ்டரி மேக்கர்’ என்ற பாட்டு நாலாம் இடத்தில் நிற்கிறது. அது 1997இல் வந்த பாட்டு. பாடின இசைக்குழு நாலு மாதத்துக்கு முதலே கலைந்து போயிற்று. இருந்த காலத்தில் அவர்களின் ஒரு பாட்டும் முதல் பத்துக்குள் வந்ததில்லை. இல்லாமல் போன பிறகு எப்படி வந்தது?

உடனடிக் காரணம் லேசானது. 2009 கிறிஸ்மஸுக்கு ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பழைய பாட்டொன்றை ரசிகர்கள் பேஸ்புக்கில் கூட்டுச் சேர்ந்து வாங்கி முதலிடத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்த கிறிஸ்தவ இளைஞர்கள், ஈஸ்டருக்கு நாங்களும் செய்து பார்ப்போம் எண்டு இறங்கினார்கள். ஆனால் அதற்கு ஏன் இந்தக் குழுவின் பாட்டு? அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் மேற்கு சசெக்ஸில் லிட்டில்ஹம்ப்டன் என்ற சிறிய கடலோர ஊர். 1992இல் அங்குள்ள ஒரு சேர்ச்சைச் சேர்ந்தவர்கள் ‘கட்டிங் எட்ஜ்’ என்ற பெயரில் இளைஞர்களுக்கு மாதாந்தக் கூட்டம் தொடங்கினார்கள். அதில் வாசிக்க ஒரு குழு தேவைப்பட்டது. ஒலிப்பதிவுப் பொறியியலாளராக வேலை செய்த மார்ட்டின் ஸ்மித் பாடினார். டிம் ஜப் கீபோர்ட், ஸ்டூவர்ட் ஸ்மித் டிரம்ஸ். பிறகு கிற்றாருக்கு ஸ்டூ கராட், பேஸுக்கு ஜோன் தாட்சர் வந்து சேர்ந்தார்கள். அதாவது மேடைக்காக உண்டான குழு இல்லை இது. கூட்டத்தில் இருக்கிற சனம் பாட வேணும், அதற்குத் துணையாக வாசிக்க வந்த குழு.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதை விளங்கும். ரொக் பாட்டைப் பாடகர் பாடுவார், நாங்கள் கேட்போம். ஆராதனைப் பாட்டில் பாடகர் தொடக்கிவிட்டு விலகி நிற்க வேணும். மெட்டு ஆருக்கும் எட்டக்கூடிய உயரத்தில் இருக்க வேணும், சொல் குறைய வேணும், திரும்பத் திரும்ப வர வேணும். ‘ஐ குட் சிங் ஒஃப் யோர் லவ் ஃபொரெவர்’ அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதுக்குக் கீழே ஓடுற கிற்றார் யூ2 கேட்டு வளர்ந்த கிற்றார். ஓர்கனையும் பாட்டுப் புத்தகத்தையும் பழகின சேர்ச்சுகளுக்கு அது புதுசு. 1993 தொடக்கம் 1995 வரை இந்தப் பாட்டுகளைக் கசற்றுகளாகப் போட்டார்கள். ஒலிப்பதிவு கொஞ்சம் கரடுமுரடு தான். எங்களைக் கேட்டால் அவர்களின் நல்ல வேலை அந்தக் கசற்றுகளில் தான் இருக்கிறது.

1995இல் மார்ட்டின் ஸ்மித் கார் விபத்தில் மாட்டி, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழும்பி வந்த பிறகு எல்லாரும் பார்த்த வேலையை விட்டிட்டு முழுநேரமாக இறங்குவதெண்டு முடிவெடுத்தார்கள். 1996 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்தில்! குழுவுக்கு டிலிரியஸ்? எண்டு பெயர், கேள்விக்குறியும் சேர்த்துத் தான். சொந்த லேபிளுக்கு ஃபியூரியஸ்? எண்டு பெயர், அதுக்கும் ஒரு கேள்விக்குறி.

1997இல் ‘கிங் ஒஃப் ஃபூல்ஸ்’ அல்பம் பிரித்தானியத் தரவரிசையில் 13ஆம் இடம், அதிலிருந்து வந்த ‘டீப்பர்’ சிங்கிள் 20ஆம் இடம். சொந்த லேபிளில் நிற்கிற ஒரு சேர்ச் குழுவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வானொலி பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கடுப்பை அவர்கள் எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? 2001இல் வந்த அல்பத்தின் பெயர் ‘ஓடியோ லெசன்ஓவர்?’. அர்த்தமில்லாத பெயர் போல இருக்கும். அதன் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பாருங்கள், ‘ரேடியோ வன் லவ்ஸ் அஸ்’ எண்டு வரும். பிபிசி ரேடியோ 1 எங்களை நேசிக்கிறது! அதே ஆண்டு பொன் ஜோவியின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கவும் போனார்கள். பகிடி நல்ல பகிடி தான். அல்பம் அவ்வளவு இல்லை. எல்லாரும் பாடுற பாட்டை விட்டு எல்லாரும் கேட்கிற பாட்டுக்கு மாறப் பார்த்தபோது, அவர்களிடம் இருந்த தனித்துவமான ஒன்று கழன்று போனது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

2003இல் ‘வேர்ல்ட் சேர்விஸ்’ அல்பத்தோடு பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். அதில் வந்த ‘மஜெஸ்டி’ பல நாட்டுச் சேர்ச்சுகளுக்குப் போனது. 2008இல் ‘கிங்டம் ஒஃப் கம்ஃபர்ட்’, இந்தியாவின் சேரிகளைப் பார்த்து வந்த பிறகு எழுதியது. வசதியாக வாழ்கிற தங்களையே அதில் விசாரணைக்கு இழுத்தார்கள். அந்த ஆண்டிலேயே ஸ்டூவர்ட் ஸ்மித் விலகினார், அவரின் இடத்துக்கு போல் எவன்ஸ் வந்தார். 2009 நவம்பர் 29, லண்டன் ஹமர்ஸ்மித் அப்பலோவில் கடைசிக் கச்சேரி.

வரலாறு படிக்கிற எங்களுக்குத் தரவரிசை நல்ல மூலாதாரம் மாதிரித் தெரியும், ஏனெண்டால் அதில் இலக்கம் இருக்கிறது. ஆனால் அது எண்ணுவது விற்பனையை. ஞாயிறு காலையில் ஒரு மண்டபம் நிறையச் சனம் பாடினால் அது அந்தக் கணக்கில் ஏறாது. எங்களில் சிலரே இந்தக் குழுவின் பாட்டுகளை யூத் கூட்டங்களில் ஆர் எழுதினது எண்டு தெரியாமல் பாடியிருக்கிறம். 90களின் பிரித்தானிய இசை எண்டால் ஒயாசிஸ், ப்ளர் எண்டு எழுதுகிறவர்கள் இவர்களைத் தவறவிடுவது இதனால் தான். 2010 ஈஸ்டரில் நடந்தது என்னவெண்டால், அது வரைக்கும் பாடிக்கொண்டு மட்டும் இருந்த சனம் ஒரே கிழமையில் காசு கொடுத்து வாங்கியது. அந்த ஒரு கிழமை மட்டும் பட்டியலில் அவர்கள் தெரிந்தார்கள்.

மார்ட்டின் ஸ்மித் தனியாகப் பாடப் போனார். ஸ்டூ கராட் வேறு குழுவில் சேர்ந்தார். குழு கலைந்த அதே 2009இல் டிம் ஜப் ‘பிக் சேர்ச் டே அவுட்’ என்ற விழாவைத் தொடங்கினார். இடம், லிட்டில்ஹம்ப்டன் இருக்கிற அதே மேற்கு சசெக்ஸ்.