இரத்த ஓட்டமும் கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையின் வளர்ச்சியும்

கல்லீரலுக்கு இரு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடல் பகுதியிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், எஞ்சியது கல்லீரல் தமனி வழியாகவும் வந்து சேர்கிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் முதன்மையான ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா, பெரும்பாலும் தமனி இரத்தத்தைக் கொண்டே வளர்கிறது. இந்நோய்க்கான சிகிச்சையின் வரலாறு, பெருமளவுக்கு இந்த இரத்த ஓட்டத்தை அறிந்து அடக்கியதன் வரலாறே.

கல்லீரலில் கத்தி பட்டால் இரத்தப்போக்கை நிறுத்த முடியாது என்ற அச்சம் 19ஆம் நூற்றாண்டில் நிலவியது. 1888இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக், ஒரு பெண்ணின் இடது மடலில் ஒரு பகுதியைத் திட்டமிட்டு அகற்றினார். பின்னர் உள்ளே இரத்தம் கசியவே, வயிற்றை மீண்டும் திறந்து நாளங்களைக் கட்டினார், நோயாளி பிழைத்தார். கல்லீரலுக்குள் நுழையும் தமனியையும் சிரையையும் ஒருசேர அழுத்திப் பிடித்து இரத்தப்போக்கை நிறுத்தும் முறையை 1908இல் கிளாஸ்கோவின் ஹோகார்த் பிரிங்கிள் வெளியிட்டார். 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்தும் வகையில் அம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

அடுத்த முன்னேற்றம் உடற்கூற்றியலிலிருந்து வந்தது. ஹனோயில் டோன் தட் துங் 1930களில் இறந்தோரின் கல்லீரல்களில் நாளங்களின் போக்கை ஆராய்ந்தார். கல்லீரலை விரல்களால் நசுக்கினால் மென்திசு சிதைந்து, நாளங்கள் மட்டும் நார்போல் எஞ்சும். அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டலாம் என்பது அவர் கண்ட வழி. 1957இல் பிரான்சின் குளோத் குயினோ, நாளங்களின் கிளைப்பை அடிப்படையாகக் கொண்டு கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்தார். கட்டியுள்ள கூறுகளை மட்டும் அகற்றும் அறுவைக்கு இதுவே அடித்தளமாயிற்று.

ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோரின் கல்லீரல் ஹெபடைட்டிஸ் கிருமிகளாலோ மதுவாலோ முன்பே சிரோசிஸுக்கு, அதாவது திசு தழும்பேறிச் செயலிழக்கும் நிலைக்கு, உள்ளாகியிருக்கும். அதில் பெரும்பகுதியை வெட்டினால் எஞ்சியது உயிரைத் தாங்காது. கல்லீரலையே மாற்றுவது இதற்குத் தீர்வாகத் தோன்றியது. 1967இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் கல்லீரல் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தைக்கு மாற்று அறுவை செய்தார். குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. புற்றுநோய் திரும்பியதால் இறந்தது. யாருக்கு மாற்று அறுவை பலன் தரும் என்பதை 1996இல் மிலானின் வின்சென்சோ மட்சாஃபெரோ வரையறுத்தார்: 5 செ.மீ.க்கு மிகாத ஒரு கட்டி, அல்லது 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரை. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட 48 பேரில் நான்காண்டு உயிர்வாழ்வு 75 விழுக்காடாக இருந்தது.

அறுவைக்கு உட்படுத்த முடியாதோருக்கு, கட்டிக்குச் செல்லும் தமனிக் கிளையில் மருந்தைச் செலுத்தி அடைக்கும் முறை ஜப்பானில் வளர்ந்தது. போர்ட்டல் சிரை இரத்தம் கிடைப்பதால் நலமான திசு தப்பும். கட்டி பட்டினி கிடக்கும். இம்முறை ஆயுளை நீட்டுவதை 2002இல் பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள் உறுதிசெய்தன.

கட்டி புதிய இரத்த நாளங்களை உருவாக்குவதைத் தடுக்கும் சொராஃபெனிப் மாத்திரை, 2008இல் வெளியான ஆய்வில் இடைநிலை (median) உயிர்வாழ்வுக் காலத்தை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக உயர்த்தியது. இந்தியாவில் அப்போது அதன் மாத விலை சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்தது. காப்புரிமையாளரின் ஒப்புதலின்றி மருந்தைத் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை 2012இல் இந்தியா முதன்முறையாக வழங்கியது; அதன்படி இந்தியாவின் நாட்கோ நிறுவனம் அதை மாதத்துக்கு 8,880 ரூபாய்க்குள் தர வேண்டியிருந்தது. 2020இல், நோயெதிர்ப்பைத் தூண்டும் அட்டிசோலிசுமாபும் நாள வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாபும் இணைந்து சொராஃபெனிப்பை விஞ்சின.

இம்மருந்துகள் ஆயுளை நீட்டினாலும், நோய் முற்றிலும் நீங்கும் வாய்ப்பு கட்டி சிறிதாக இருக்கும்போது சிகிச்சை பெறுவோருக்கே அதிகம். ஆகவே நோய் வராமல் தடுக்க ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும், கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டறிய சிரோசிஸ் உள்ளோருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனையும் இன்றியமையாதவை.