திருநாளும் சுயாதீனச் சித்தமும்: கிறிஸ்தவ மரபில் நாள், நோன்பு, மனச்சாட்சி

கிறிஸ்தவ இறையியல் நூல்களில் மனித விருப்பத்தின் ஆற்றலைப் பற்றிய ஆராய்ச்சி மீட்பின் கோட்பாட்டோடும், திருநாள், நோன்பு ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சி வழிபாட்டு ஒழுங்கோடும் சேர்த்து எழுதப்படுவதால், இவ்விரண்டும் தொடர்பற்றவை என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. விசுவாசம் என்பது மனிதன் மனமுவந்து கடவுளுக்கு அளிக்கும் மறுமொழியானால், இன்ன நாளில் இன்ன உணவை விலக்க வேண்டும் என்று திருச்சபை கட்டளையிடுவது எங்ஙனம் பொருந்தும்? விசுவாசம் முழுவதும் கடவுளின் கொடையே என்றால், மனிதன் மேற்கொள்ளும் நோன்புக்கும் கொண்டாடும் பெருநாளுக்கும் என்ன இடம் உண்டு? சுயாதீனச் சித்தத்தை, அதாவது நன்மையையும் தீமையையும் மனிதன் தானே தெரிந்துகொள்ளும் ஆற்றலை, ஏற்போர் நாள்களையும் நோன்புகளையும் வலியுறுத்துவர் என்றும், அதை மறுப்போர் அவற்றைக் கைவிடுவர் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. வரலாற்றுச் சான்றுகள் இக்கருத்துக்கு இடம் தரவில்லை. விருப்பத்தைப் பற்றி நேர்மாறான கொள்கையுடையோர் திருநாள்களைப் பற்றி ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்துள்ளனர் என்பதையும், அந்த முடிவு நாளைக் கட்டாயமாக்குவோர், நாளைத் தடைசெய்வோர் ஆகிய இருசாராரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. தொடக்கத் திருச்சபையில் நாளும் நோன்பும்

புதிய ஏற்பாட்டில் இக்கேள்விக்கு அடிப்படையாக அமைவன பவுலின் திருமுகங்கள். கலாத்தியருக்கு எழுதியபோது நாள், மாதம், காலம் ஆகியவற்றை அனுசரிப்பதைக் கடிந்துகொண்ட அவரே, ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில், ஒரு நாளை மற்றொன்றினும் சிறந்ததாகக் கொள்பவரும் எல்லா நாளையும் ஒன்றாகக் கொள்பவரும் தத்தம் மனத்தில் உறுதிகொண்டிருந்தால் போதும் என்று இடமளிக்கிறார். இவற்றுக்கிடையே முரண்பாடு இல்லை. கலாத்தியாவில் யூதத் திருச்சட்டத்தின் நாள்கள் மீட்புக்கு இன்றியமையாதவை என்று போதிக்கப்பட்டதால் அவர் எதிர்த்தார். ரோமையில் அவை தனிமனிதரின் பக்திமுறையாக மட்டும் நின்றதால் பொறுத்துக்கொண்டார். அனுசரிப்பு ஒன்றே, அதற்கு ஏற்றப்பட்ட பொருளே வேறு.

இந்தப் பகுப்பு இரண்டாம் நூற்றாண்டிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. ஆசியா மாநிலத்துச் சபைகள் கிறிஸ்துவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நினைவுகூரும் பாஸ்கா விழாவை யூத நாள்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாளிலும், ரோமைச் சபை அதையொட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையிலும் கொண்டாடின. சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு ஏறத்தாழ 155இல் ரோமைக்கு வந்து, அந்நகரின் ஆயர் அனிசேத்துவுடன் இதுபற்றிப் பேசியும் உடன்பாடு எட்டப்படவில்லை. எனினும் அனிசேத்து தமது சபையில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் மதிப்பைப் பொலிகார்ப்புக்கு அளித்தார். ஒரு தலைமுறை கழிந்தபின் ரோமை ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை உறவிலிருந்து விலக்க முனைந்தபோது, லியோன் நகர ஆயர் இரனேயு அந்நிகழ்வை நினைவூட்டி, நோன்பு முறையில் உள்ள வேற்றுமை விசுவாசத்தின் ஒற்றுமையை உறுதிப்படுத்தவே செய்கிறது என்று வாதிட்டதை எவுசேபியுவின் திருச்சபை வரலாறு பதிந்துள்ளது. 325இல் நீசேயாப் பொதுச்சங்கம் பொதுவான நாள் ஒன்றை வேண்டியபோதும், இரனேயு காட்டிய நெறி திருச்சபையின் நினைவிலிருந்து மறையவில்லை.

2. அகஸ்தீனும் காசியானும்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பெலாஜியச் சர்ச்சை இவ்வாய்வுக்கு முக்கியமானது. கட்டளையிட்ட கடவுள் அதை நிறைவேற்றும் ஆற்றலையும் மனித இயல்புக்கு வழங்கியுள்ளார் என்று பெலாஜியு கற்பித்தார். ஆதாமின் வீழ்ச்சிக்குப்பின் மனித விருப்பம் பாவத்தின்மீது கொண்ட பற்றினால் கட்டுண்டிருப்பதால், கிருபை, அதாவது தகுதியைக் கருதாமல் கடவுள் அளிக்கும் அருள், முன்சென்று விடுவித்தாலன்றி அது கடவுளை நோக்கித் திரும்ப முடியாது என்று ஆயர் அகஸ்தீன் மறுத்துரைத்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுவின் போதனையைக் கண்டித்தது. மார்சேய் நகரத் துறவி யோவான் காசியான் இருவருக்கும் இடைப்பட்ட நிலையை எடுத்து, சில வேளைகளில் நன்மையின் முதல் அசைவு மனித விருப்பத்திலிருந்தும் பிறக்கக்கூடும் என்று தமது உரையாடல் தொகுப்பின் 13ஆம் பகுதியில் எழுதினார். விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையின் செயலே என்று 529இல் ஆரஞ்சு நகரச் சங்கம் முடிவு கூறியதால், காசியானின் நிலைப்பாடு பின்னர் ஏற்கப்படவில்லை.

விருப்பத்தைப் பற்றி இவ்வாறு பிரிந்துநின்ற இருவரும் நோன்பைப் பற்றி எழுதியவை வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துள்ளன. ஏறத்தாழ 400இல் ஜனுவாரியு என்பவருக்கு எழுதிய இரு மடல்களில், மறைநூல் கட்டளையிட்டவை, உலகெங்குமுள்ள சபைகள் கடைப்பிடிப்பவை, இடத்துக்கு இடம் மாறுபவை என்று அகஸ்தீன் வழக்கங்களை மூவகைப்படுத்துகிறார். கிறிஸ்துவின் பாடுகள், உயிர்ப்பு, விண்ணேற்றம், தூய ஆவியின் வருகை ஆகியவற்றின் ஆண்டு நினைவுகள் இரண்டாம் வகையில் அடங்கும். சனிக்கிழமை நோன்பு போன்ற மூன்றாம் வகையில் ஒருவர் தாம் வாழும் சபையின் வழக்கத்தைப் பின்பற்றுவதே தக்கது என்று, மிலான் ஆயர் அம்புரோஸ் தமக்கு அளித்த அறிவுரையை எடுத்துக்காட்டுகிறார். மேலும், சில எளிய திருவருட்சாதனங்களோடு சுதந்திரமாக இருக்கும்படி கடவுள் விரும்பிய சமயம் மனிதர் சேர்த்த சுமைகளால் நசுங்குகிறது என்று வருந்துகிறார். இம்மடல்கள் பெலாஜியச் சர்ச்சைக்கு முற்பட்டவை என்பது உண்மை. ஆயினும், தம் படைப்புகளை மறுபார்வையிட்டு முதுமையில் எழுதிய நூலிலும் இந்நெறியை அவர் கைவிடவில்லை.

காசியானோ, தமது தொகுப்பின் 21ஆம் பகுதியில், நீதி, அன்பு போன்ற அறங்கள் தம்மளவிலேயே நல்லவை என்றும், நோன்பு அதன் நோக்கத்தைப் பொறுத்து நன்மையாகவோ தீமையாகவோ ஆகும் இடைநிலைப் பொருள் என்றும் ஆப்பா தேயோனாவின் வாயிலாக விளக்குகிறார். தொடக்கத் திருச்சபையின் நிறைவு குன்றாதிருந்த காலத்தில் தவக்காலம் இருந்ததில்லை என்றும், விசுவாசிகளின் தளர்ச்சியைக் கண்டே அது ஏற்படுத்தப்பட்டது என்றும் அவர் கூறுவது, கடுந்தவம் புரிந்த துறவி ஒருவரிடமிருந்து வருவதால் கூடுதல் எடை பெறுகிறது.

3. 1522: சூரிக்கும் விட்டன்பர்க்கும்

பதினாறாம் நூற்றாண்டில் இதே ஒத்திசைவு மீண்டும் காணப்படுகிறது. 1522 மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று சூரிக் நகரில் அச்சகர் கிறிஸ்தோஃப் ஃப்ரோஷவரின் வீட்டில், சுத்தபோசன விதிக்கு, அதாவது இறைச்சி விலக்கும் கட்டளைக்கு மாறாக, புகையூட்டிய தொத்திறைச்சித் துண்டுகள் பகிர்ந்து உண்ணப்பட்டன. அங்கிருந்த மறைப்பணியாளர் உல்ரிக் ஸ்விங்ளி தாம் உண்ணவில்லை. எனினும் நகரவை விசாரணை தொடங்கியதும், உண்டவர்களுக்காக மார்ச் 23இல் மறையுரை ஆற்றி, அதை ஏப்ரல் 16இல் நூலாக வெளியிட்டார். நோன்பிருக்க விரும்புபவரைத் தடுக்காமலும் விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாமலும் இருப்பதே நற்செய்திக்கு இசைந்தது என்பது அவர் வாதம்.

அதே மார்ச் 9இல் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் எட்டு மறையுரைகளைக் கொண்ட வரிசையைத் தொடங்கினார். அவர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த காலத்தில், அவருடைய சக சீர்திருத்தவாதி கார்ல்ஸ்டாட் முதலியோர் வழிபாட்டு மாற்றங்களை விரைந்து புகுத்தியதால் நகரில் குழப்பம் மூண்டிருந்தது. அம்மாற்றங்களில் பலவற்றைக் கொள்கையளவில் ஏற்ற லூத்தர், வலுவற்ற மனச்சாட்சியுடையோர்மீது அவற்றைத் திணித்தது அன்புக்கு எதிரான குற்றம் என்று கண்டித்தார். பழைய விதியை மீறும் உரிமைக்காக ஸ்விங்ளியும், அதைக் கடைப்பிடிப்போரின் மனச்சாட்சிக்காக லூத்தரும் ஒரே நாளையொட்டிக் குரல்கொடுத்தனர். நோக்கி நின்ற திசை வேறாயினும் இருவர் கொள்கையும் ஒன்றே.

இதே ஆண்டில் அறிஞர் எராஸ்மஸ் பாசல் ஆயருக்கு எழுதிய திறந்த மடல் ஒன்றை வெளியிட்டு, உணவு விலக்கு விதிகளைத் தளர்த்துமாறும், அன்றாட உழைப்பால் பிழைக்கும் ஏழைகளின் வருவாயைக் குறைக்கும் திருநாள்களின் எண்ணிக்கையைச் சுருக்குமாறும் வேண்டினார். ஆனால் 1524இல் சுயாதீனச் சித்தத்தை ஆதரித்து நூல் எழுதியவர் இந்த எராஸ்மஸ்தான். 1525 இறுதியில் சித்தத்தின் அடிமைத்தனத்தைப் பற்றி எழுதி அதை முற்றாக மறுத்தவர் லூத்தர். மீட்பைக் குறித்து ஒருவரையொருவர் இவ்வளவு வன்மையாக மறுத்தவர்கள் உணவையும் நாளையும் குறித்து ஒரே பக்கத்தில் நின்றதை எவ்வாறு விளக்குவது?

விடை லூத்தரின் நூலிலேயே உள்ளது. தனக்குக் கீழுள்ள பொருள்களில், அதாவது உடைமை, உணவு, அன்றாடச் செயல் ஆகியவற்றில், மனிதனுக்குத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்டு என்று அவர் ஒப்புக்கொள்கிறார். கடவுள்முன் நிற்கும் தகுதியைப் பெறுவதில்தான் அவ்வாற்றலை மறுக்கிறார். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 18ஆம் பிரிவில் இப்பகுப்பை முறைப்படுத்தி, 15ஆம் பிரிவில், சபையின் அமைதிக்கும் ஒழுங்கிற்கும் உதவும் திருநாள்களைப் பாவமின்றி அனுசரிக்கலாம் என்றும், மீட்புக்கு அவை தேவை என்று மனச்சாட்சியை அழுத்தலாகாது என்றும் கூறுகிறது. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்கும்போது, நாளும் நோன்பும் இயல்பில் சுதந்திரத்தின் எல்லைக்குள் இருப்பவை என்பதும், அவற்றால் மீட்பை ஈட்டலாம் என்னும் எண்ணமே அவற்றை அவ்வெல்லைக்கு வெளியே தள்ளுகிறது என்பதும் தெளிவாகின்றன.

4. கட்டளைக்கான நியாயம்

கட்டளையை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து பாஸ்கா காலத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. அந்நூற்றாண்டில் எழுதிய தாமஸ் அக்வினாஸ், நோன்பின் தேவை இயற்கை அறத்தைச் சார்ந்தது என்றும், அதன் காலத்தையும் முறையையும் வரையறுப்பது திருச்சபைச் சட்டம் என்றும் பிரித்து, அத்தகைய விதிகள் பாவத்தின் அடிமைத்தனத்தைத் தடுப்பதால் விசுவாசிகளின் சுதந்திரத்துக்குத் துணையே ஆகும் என்று வாதிட்டார். விருப்பம் பழக்கத்தால் உருவாகிறது. பழக்கத்துக்கு நாளும் முறையும் தேவை. தனித்தனியே விட்டுவிட்டால் பலரும் எதையும் மேற்கொள்ளமாட்டார்கள் என்பதே இதன் சாரம். கடவுளின் தூண்டுதலுக்கு இசைவு தருவதிலும் மறுப்பதிலும் மனித விருப்பத்துக்குப் பங்கு உண்டு என்று 1547இல் அறிவித்த திரெந்து பொதுச்சங்கம், 1563இல் நிறைவுறும்போது நோன்புகளையும் திருநாள்களையும் விசுவாசிகளிடம் வலியுறுத்தியதும் இவ்வழியிலேயே.

இவ்வாதத்தில் ஏற்கத்தக்க பகுதி பெரியது. திருநாள் ஒருவர் தனித்துக் கொண்டாடக்கூடியதன்று. பலர் ஒரே நாளில் கூடுவதற்கு ஒருவர் நாளைக் குறித்தே ஆகவேண்டும். ஆனால் அக்வினாஸின் பகுப்பே இவ்வாதத்துக்கு எல்லையையும் இடுகிறது. காலமும் முறையும் திருச்சபைச் சட்டமானால், அதே திருச்சபை அவற்றை மாற்றவும் கூடும். 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் ஒருசந்தி நாள்களை, அதாவது ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்ளும் நோன்பு நாள்களை, திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டாகக் குறைத்து, இறைச்சி விலக்குக்கு மாற்றாகச் செபத்தையும் அறச்செயலையும் அமைக்க ஆயர் பேரவைகளுக்கு இடமளித்தது இதற்குச் சான்று. கட்டளை பயிற்சிக்கு உரிய துணை. மாறக்கூடிய துணையை மாறாத மீட்பின் நிபந்தனையாக்கும்போது அது தன் நியாயத்தை இழக்கிறது.

5. தடையும் கட்டாயமே

மறுதிசையில் நிகழ்ந்த தவறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மறைநூலில் விதிக்கப்படாத திருநாள்களை 1560இல் ஸ்காட்லாந்துச் சீர்திருத்தத் தலைவர்கள் தங்கள் ஒழுங்கு நூலில் நிராகரித்தனர். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647 ஜூனில் கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, பெந்தெகொஸ்தே ஆகிய பெருநாள்களை ஒழித்தது. அவ்வாண்டு டிசம்பர் 25இல் கடைகளைத் திறந்துவைக்கும் ஆணையை எதிர்த்துக் கான்டர்பரியில் கலகம் மூண்டது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் கிறிஸ்து பிறப்புப் பெருநாளை அனுசரிப்போருக்கு 5 ஷில்லிங் தண்டம் விதித்து 1659இல் இயற்றிய சட்டம் 1681இல்தான் நீக்கப்பட்டது. மனச்சாட்சிக்குக் கடவுள் ஒருவரே ஆண்டவர் என்று வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் எழுதிய மரபே தண்டத்தால் ஒரு நாளை அழிக்க முற்பட்டது, அம்மரபின் சிறந்த கொள்கைக்கே முரணானது.

இப்பிழையின் இயல்பை லூத்தரன் சபைகளின் 1577ஆம் ஆண்டு இணக்க அறிக்கை துல்லியமாக வகுத்துரைக்கிறது. கட்டளையிடப்படாமலும் தடைசெய்யப்படாமலும் உள்ளவற்றை இறையியலார் அதியாஃபொரா என்பர். காசியான் சொன்ன இடைநிலைப் பொருளுக்கு நெருங்கிய கருத்து இது. இத்தகைய பொருளும், விசுவாசத்தை ஒடுக்கும் நோக்கில் திணிக்கப்படும்போது, விட்டுக்கொடுக்கக் கூடாததாகிவிடுகிறது என்று அவ்வறிக்கையின் 10ஆம் பிரிவு கூறுகிறது. இந்நெறி கட்டளைக்குப் பொருந்துவதுபோலவே தடைக்கும் பொருந்தும்.

6. முடிவு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சுயாதீனச் சித்தத்தைப் பற்றிய கொள்கை திருநாள் அனுசரிப்பைத் தீர்மானிப்பதில்லை. அகஸ்தீனும் காசியானும், லூத்தரும் எராஸ்மஸும் இதற்குச் சான்று. இரண்டாவது, அனுசரிப்பின் மதிப்பு விசுவாசத்திலிருந்து பிறக்கிறது. யோவான் கிறிசோஸ்தோமின் பெயரால் வழங்கி, கீழைத் திருச்சபைகளில் உயிர்ப்பு விழாவில் இன்றும் வாசிக்கப்படும் மறையுரை, நோன்பு காத்தவரையும் காவாதவரையும் ஒரே விருந்துக்கு அழைப்பது இதனாலேயே. மூன்றாவது, கட்டாயமும் தடையும் கடவுளுக்குரிய மனச்சாட்சியை மனிதர் கையகப்படுத்தும் இரு வழிகள்.

இது தமிழ்ச் சபைகளுக்கு நேரடியான பொருளுடையது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, திருநாள்களைப் போற்றிய ஆங்கிலிக்கன் மரபும், ஒருகாலத்தில் அவற்றை நிராகரித்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளும் ஒரே சபையாக இணைந்தன. தவக்காலத்தில் ஒருசந்தி காக்கும் கத்தோலிக்கரும், அக்காலத்தையே லெந்து என்று அழைத்துத் தியானத்தில் கழிக்கும் சீர்திருத்தச் சபையாரும், கிறிஸ்து பிறப்புப் பெருநாளையே அனுசரிக்காத சில பெந்தெகொஸ்தே சபையாரும் இன்று ஒரே ஊரில், பல வேளைகளில் ஒரே குடும்பத்தில் வாழ்கின்றனர். நாளை அனுசரிப்பவர் அனுசரிக்காதவரை விசுவாசமற்றவர் என்று தீர்ப்பதும், அனுசரிக்காதவர் அனுசரிப்பவரை மூடநம்பிக்கையுடையவர் என்று இகழ்வதும் பவுலின் போதனைக்கும் இரனேயுவின் நெறிக்கும் மாறானவை. நாளைக் குறிக்கும் பொறுப்பு சபைக்கு உண்டு. அந்நாளில் எந்த மனத்தோடு கடவுள்முன் நிற்பது என்பதை ஒவ்வொருவருடைய மனச்சாட்சிக்கும் விட்டுவிடுவது அச்சபையின் கடமை.